செடி வாடினால் மருந்துக்கு ஓடாதீர்கள்: தோட்டத்து மரம் செடிகளின் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

என் எலுமிச்சை மரம் ஒன்று இரண்டு வருடம் மஞ்சளாகவே நின்றது. சத்துக் குறைவுதான் என்று நானே முடிவு கட்டி யூரியா போட்டேன். இன்னும் மஞ்சளானது. நுண்ணூட்டக் கலவை தெளித்தேன். யாரோ சொன்னார் என்று பூச்சிமருந்தும் அடித்தேன். இலை கொட்டியதுதான் மிச்சம். கடைசியில் சலித்துப்போய், பிடுங்கிவிடலாம் என்று அடிமரத்தை ஒட்டி ஒரு சாண் ஆழம் தோண்டினேன். குழியிலிருந்து சாக்கடை வாடை வந்தது. ஒரு வேரைப் பிடித்து இழுத்தால் கறுத்த தோல் உறை மாதிரி கழன்று வந்தது. உள்ளே நூல் போல நரம்பு மட்டும். மரத்தைச் சுற்றிக் கிண்ணம் போலப் பாத்தி கட்டி, களிமண்ணில் தினமும் தண்ணீர் விட்டது நான்தான். மரத்துக்குப் பசியே இல்லை. மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து "என்ன மருந்து அடிக்கலாம்?" என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். தோட்டத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு பூச்சியாலோ நோயாலோ வருவதில்லை. தண்ணீர், மண், வெயில், நம் கை என்று இந்த நான்கில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கின்றன. பூச்சியும் பூசணமும் அப்படி நலிந்த செடியைத் தேடிப் பிறகு வருகின்றன. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் எழுதியிருக்கிறேன். இலையில் பூச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் முதல் இரண்டு படிகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

படி 1: தொடுவதற்கு முன் பாருங்கள்

பத்தடி தள்ளி நின்று முழுச் செடியையும் பாருங்கள். பாதிப்பு செடி முழுக்கவா, ஒரு பக்கமா, ஒரே ஒரு கிளையிலா? ஒரு கிளை மட்டும் காய்ந்தால் அந்தக் கிளையில் எங்கோ துளைப்பான், முறிவு அல்லது கருகல் இருக்கும். முழுச் செடியும் சோர்ந்திருந்தால் வேரையோ அடித்தண்டையோ சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து அக்கம்பக்கம். ரோஜா, தக்காளி, மா என்று உறவே இல்லாத செடிகள் எல்லாம் ஒரே வாரத்தில் ஒரே மாதிரி கருகினால் அது நோயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நோய்க்கிருமிகள் பெரும்பாலும் தமக்கென்று ஒரு செடிக் குடும்பத்தை வைத்திருக்கும். வெயிலும் உப்புத் தண்ணீரும் காற்றில் பறந்து வந்த களைக்கொல்லியும்தான் ஆள் பார்க்காமல் அடிக்கும்.

எவ்வளவு வேகத்தில் வந்தது என்பதும் முக்கியம். நேற்று நன்றாக இருந்து இன்று காலை கருகியிருந்தால் அதிக உரம், தெளித்த மருந்து, திடீர் வெயில், அறுபட்ட வேர் ஆகியவற்றை யோசியுங்கள். ஒரு இலையில் தொடங்கி நாலு, அப்புறம் நாற்பது என்று பரவினால் உயிருள்ள எதிரி இருக்கிறது. பெரிய மரங்களுக்குக் கணக்கே வேறு. இரண்டு மூன்று வருடத்துக்கு முன் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் வெட்டுப்பட்ட வேரின் விளைவு இப்போதுதான் உச்சிக்கிளையில் தெரியும். அதனால் "சமீபத்தில் என்ன மாறியது?" என்று செடிக்கு ஒரு மாதமும், மரத்துக்கு மூன்று வருடமும் பின்னால் போய் யோசிக்க வேண்டும்.

கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒரே இலையை வாரத்துக்கு ஒருமுறை எடுத்தால், கூடுகிறதா குறைகிறதா என்பதில் மனம் ஏமாற்றாது.

இந்த இடத்திலேயே சில பயங்களைத் தீர்த்துவிடலாம். அடியில் உள்ள ஒன்றிரண்டு முதிர்ந்த இலை மஞ்சளாகி விழுவது இயல்பு. ரோஜா இலையின் ஓரத்தில் கத்தரியால் வெட்டியது போல அரைவட்டம் அரைவட்டமாக இருந்தால் அது இலைவெட்டித் தேனீ. கூட்டுக்கு மெத்தை போட எடுத்துப் போகிறது, விட்டுவிடுங்கள். மரப்பட்டையில் சாம்பலும் பச்சையுமாகப் படிந்திருக்கும் லைக்கன் மரத்தை உறிஞ்சுவதில்லை. மாங்கொழுந்து செம்பழுப்பாக வருவது நோயில்லை. கடும் வெயிலில் தக்காளியின் கீழ் இலைகள் குழல் போலச் சுருண்டு, பச்சையாகவே இருந்தால், தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது என்று அர்த்தம்.

படி 2: மண்ணைத் தோண்டுங்கள்

எனக்கு ஒரே ஒரு படியைத்தான் வைத்துக்கொள்ள அனுமதி என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். மேல்மண் காய்ந்து உள்ளே சொதசொதவென்று இருப்பதும், மேலே ஈரமாக இருந்து உள்ளே புழுதியாக இருப்பதும் அடிக்கடி நடக்கும். தொட்டியென்றால் தூக்கிப் பார்த்தாலே எடை சொல்லிவிடும். மண் காய்ந்து செடி வாடியிருந்தால் தண்ணீர் போதவில்லை. அடித்துளை வழியே வழியும் வரை விடுங்கள், மாலைக்குள் நிமிரும். மண் ஈரமாக இருந்தும் செடி வாடியிருந்தால் மேற்கொண்டு ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள். வேர் தண்ணீரை எடுக்கும் நிலையில் இல்லை. வாடலைப் பார்த்துத் தண்ணீர் விடுவதும், விட விட வாடுவதும்தான் தொட்டிச் செடிகள் சாகும் வழக்கமான கதை. மதியம் தொங்கி மாலையில் தானே எழுந்துகொள்ளும் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

சந்தேகம் தீராவிட்டால் தொட்டியைச் சாய்த்து, மண்கட்டியோடு செடியை வெளியே எடுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ, உறுதியாக இருக்கும். சில செடிகளுக்கு இயல்பிலேயே வேறு நிறம் உண்டு, ஆனால் நொளநொளப்பு எதற்கும் இயல்பில்லை. அழுகிய வேர் பழுப்பு, தொட்டால் வழுக்கும், நாறும். அதைச் சுத்தமான கத்தரியால் நல்ல பகுதி தெரியும் வரை வெட்டி, பழைய மண்ணை உதறி, புதிய, நீர் வடியும் கலவையில் வையுங்கள். தொட்டி முன்பைவிடச் சிறியதாக இருக்கட்டும். குறைந்த வேருக்குப் பெரிய தொட்டி என்றால் மறுபடியும் ஈரம் தேங்கும். வேர் பாதி போயிருந்தால் தழையிலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, இரண்டு வாரம் நிழலில் வைக்க வேண்டும். உரம் கூடாது. டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணம் கலந்த தொழுவுரத்தைப் புதிய கலவையில் சேர்ப்பது நல்லது. அது காப்புக்குத்தான், அழுகிப்போன வேரை அது திருப்பித் தராது.

வேர் நாறாமல், ஆனால் தொட்டியின் உருவத்தில் கயிறு சுற்றியது போல இறுகியிருந்தால் இடப்பற்றாக்குறை. கத்தியால் பக்கவாட்டில் மூன்று நான்கு இடத்தில் கீறி, சுற்றை உடைத்து, இரண்டு அங்குலம் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். வேரில் சின்னச் சின்ன முண்டுகள் மாலை கோத்தது போல இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேரில் இருக்கும் நல்ல முடிச்சோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நல்ல முடிச்சு நகத்தால் நெருடினால் உதிர்ந்துவிடும், வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சோ வேரே வீங்கியது போல இருக்கும். நூற்புழு பிடித்த இடத்தில் ஒரு பருவம் செண்டுமல்லி போடுவதும், கோடையில் மண்ணை நனைத்து நிறமில்லாத பிளாஸ்டிக் தாளால் நாலு முதல் ஆறு வாரம் இறுக மூடி வெயிலில் வேக விடுவதும் எண்ணிக்கையைக் குறைக்கும்.

தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளைப் படிவு, இலை நுனியில் கருகல் என்றால் உப்பு சேர்ந்திருக்கிறது. தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, கீழே வடிய விட்டுவிடுங்கள். தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே உப்பு மேலேறும்.

தரையில் இருக்கும் மரத்துக்கு வடிகால் சோதனை செய்யுங்கள். 30 செ.மீ. ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, வடிந்த பின் மறுபடியும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். 2.5 செ.மீ.க்குக் கீழே என்றால் மண் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. மேட்டுப்பாத்தி போடுங்கள் அல்லது வாய்க்கால் வெட்டி வடித்துவிடுங்கள். குழியில் மட்டும் மணலைப் போட்டு நிரப்புவது உதவாது. களிமண்ணுக்கு நடுவில் ஒரு வாளி செய்து வைத்தது மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் அடிமரம். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் யானைக்கால் போல விரிய வேண்டும். விளக்குக் கம்பம் போல நேராக மண்ணுக்குள் போனால் மரம் ஆழமாக நடப்பட்டிருக்கிறது அல்லது பிறகு மண் மூடியிருக்கிறது. விரிவு தெரியும் வரை மண்ணைக் கையால் விலக்குங்கள். மண்ணை மூடப் போடும் சருகு, வைக்கோல் போன்ற மூடாக்கு 5 முதல் 8 செ.மீ. கனம் போதும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் போட வேண்டும். தண்டோடு குவித்தால் பட்டை அழுகும். எலுமிச்சை வகைகளுக்கு இரட்டை வட்டப் பாத்திதான் சரி. அதாவது தண்டைச் சுற்றி ஒரு சின்ன மண்மேடு, வெளியே இன்னொரு வரப்பு, தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் மட்டும் நிற்கும். இதை முதலிலேயே செய்திருந்தால் எனக்கு இரண்டு வருடம் மிச்சம்.

படி 3: மஞ்சள் எங்கே ஆரம்பிக்கிறது?

வேர் நன்றாக இருக்கிறது, தண்ணீரும் சரி. இலை மட்டும் மஞ்சள். இப்போது சத்துக் குறைவை யோசிக்கலாம். ஒரே ஒரு கேள்வி பாதி வழியைக் காட்டிவிடும். மஞ்சள் பழைய இலையிலா, புதிய இலையிலா?

தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் இவை நான்கையும் செடியால் இடம் மாற்ற முடியும். பற்றாக்குறை வந்தால் கீழ் இலையிலிருந்து பிடுங்கிக் கொழுந்துக்கு அனுப்பும். அதனால் பழைய இலை முதலில் காட்டிக்கொடுக்கும். இரும்பு, கால்சியம், போரான் போன்றவை ஒருமுறை போய்ச் சேர்ந்த இடத்தை விட்டு அசையாது. அவை குறைந்தால் கொழுந்துதான் அடிபடும்.

கீழ் இலை முழுதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்து குறைவு. மட்கிய தொழுவுரமோ கடலைப்புண்ணாக்குக் கரைசலோ இரண்டு வாரத்தில் வித்தியாசம் காட்டும். கீழ் இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். எப்சம் உப்பு லிட்டருக்கு 10 கிராம் கரைத்து இலையில் தெளிக்கலாம். ஓரம் மட்டும் தீய்ந்தது போலப் பழுப்பானால் சாம்பல்சத்து. அதே ஓரக்கருகல் உப்பாலும் வரும் என்பதால் முந்தைய படியை முடித்துவிட்டு இங்கே வாருங்கள்.

கொழுந்தில், நரம்பு மட்டும் பச்சை வலை போலத் தெரிய இலை வெளிறினால் இரும்பு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மண்ணில் இரும்பு இல்லாமல் போவது அபூர்வம். மண்ணின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 7.5க்கு மேல் போய் மண் காரமானால் இருக்கும் இரும்பே கரையாமல் பூட்டிக்கொள்ளும். அந்த மண்ணில் இரும்பு சல்பேட்டைக் கொட்டினால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். இரும்பு பூட்டிக்கொள்ளாதபடி வேறொரு பொருள் பிடித்து வைத்திருக்கும் கீலேட் வடிவில் வாங்கினால் பொட்டலத்தைப் படியுங்கள்: ஈடிடிஏ வகை காரமண்ணில் சீக்கிரம் வலுவிழக்கும், ஈடிடிஎச்ஏ வகைதான் அங்கே நிற்கும். எலுமிச்சையில் இந்த வெளிறலோடு இலைகளும் சிறுத்து நெருங்கி வந்தால் துத்தநாகக் குறைவும் கூட இருக்கிறது.

தக்காளிக் காயின் அடியில் கறுத்துத் தோல் போலக் குழிவதைப் பலர் நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். அது கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. கால்சியம் தண்ணீரோடுதான் பயணம் செய்யும். ஒருநாள் வெள்ளம், மூன்றுநாள் வறட்சி என்று விட்டால் காய்க்குக் கிடைக்காது. தண்ணீரைச் சீராக்கி மூடாக்குப் போட்டால் அடுத்த கொத்து சுத்தமாக வரும்.

தழை செழித்தும் பூக்கவில்லையா? தழைச்சத்து அதிகம் அல்லது வெயில் குறைவு. காய்க்கும் செடிகளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். பூக்கும் டானிக்கெல்லாம் அதற்கு அப்புறம்.

படி 4: இலையைத் திருப்புங்கள்

இலையின் மேல்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். பூச்சி குடியிருப்பது அடிப்பக்கத்தில், கொழுந்து மடிப்பில், காம்பு தண்டைத் தொடும் இடுக்கில். பெரிதாகக் காட்டும் ஒரு சின்ன லென்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

எறும்பு தண்டில் வரிசை போட்டு ஏறினால் அதைத் துப்பு சொல்பவராக எடுத்துக்கொள்ளலாம். மேலே அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி, வெள்ளை ஈ ஏதோ ஒன்று சாறு உறிஞ்சி, இனிப்பான கழிவைச் சொட்டிக்கொண்டிருக்கிறது. எறும்பு அதைக் குடிக்க வருகிறது; கூலியாக அந்தப் பூச்சிகளை எதிரிகளிடமிருந்து காக்கவும் செய்கிறது. அந்தப் பிசுபிசுப்பின் மேல் வளர்வதுதான் புகைக்கரி போன்ற கரும்பூசணம். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். அதற்குப் பூசணமருந்து அடிப்பது வீண். உறிஞ்சும் பூச்சியை ஒழித்தால் கரியும் நிற்கும். எறும்பு ஏறாதபடி தண்டில் அகலமான ஒட்டுப்பட்டை சுற்றி, அதன்மேல் பசைப்பொருளைத் தடவினாலே பாதி வேலை முடிந்தது. பசையை நேரடியாக மரப்பட்டையில் பூசாதீர்கள்.

இலை முழுக்க ஊசிமுனை அளவில் வெளிறிய புள்ளிகள், தூசு படிந்த தோற்றம், பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை என்றால் ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசில் சில நகரும். விரலால் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு விழுந்தால் சிலந்திப்பேன். இவை பூச்சியே அல்ல, எட்டுக்காலி. சாதாரணப் பூச்சிக்கொல்லிகள் பல இவற்றைக் கொல்லாமல், இவற்றைத் தின்னும் நல்ல பேன்களைக் கொன்றுவிடும். மருந்து அடித்த பத்தாம் நாள் முன்பைவிட அதிகமாக வருவது இதனால்தான். வறட்சியும் தூசியும் பிடிக்கும் இனம் இது என்பதால் தண்ணீரே நல்ல மருந்து. இலைப்பேன் இன்னொரு ரகம். கொழுந்து மேல்நோக்கிச் சுருண்டு, வெள்ளிப் பூச்சு போலக் கீறலும் கறுப்புப் புள்ளிகளும் விட்டுவைக்கும்.

வைத்தியம் எல்லா உறிஞ்சிகளுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல்நாள் குழாயில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். மிக மோசமான நுனிகளை வெட்டிப் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். மாவுப்பூச்சி கொஞ்சமாக இருந்தால், 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சை அதன்மேல் வைத்து எடுத்தால் மெழுகுப் பூச்சு கரைந்து அங்கேயே சாகும். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய்.

வேப்பெண்ணெயைக் கலக்குவதில்தான் பலர் தவறுகிறார்கள். எண்ணெயை நேராகத் தண்ணீரில் விட்டால் மேலே மிதக்கும். தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் வெறும் எண்ணெயும் வந்து, கடைசிச் செடி கருகும். ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் 2 மி.லி. திரவ சோப்பைக் கலக்குங்கள். அதில் 5 மி.லி. எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினால் பால் போல வெளுக்கும். வெளுத்த பிறகே ஒரு லிட்டராக்குங்கள். அன்றே தீர்த்துவிட வேண்டும். அடுத்தநாள் பயன்படாது.

ஒருமுறை அடித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று விட்டுவிடக் கூடாது. முட்டைக்குள் இருப்பதை எந்த எண்ணெயும் முழுதாகக் கொல்லாது. வெயில் காலத்தில் சிலந்திப்பேன் முட்டையிலிருந்து முழுவளர்ச்சிக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். ஆகவே 5 நாள் முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று முறை.

தெளிப்பதற்கு முன் இன்னொருமுறை பாருங்கள். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில் முதலை போன்ற உருவத்தில், கறுப்பும் ஆரஞ்சுமாக ஒன்று ஊர்ந்தால் அது பொறிவண்டின் குஞ்சு. வளர்ந்த வண்டைவிடப் பெருந்தீனிக்காரன். அவை நிறைய இருந்தால் தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாரம் பொறுங்கள். 1880களில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பருத்தி போன்ற ஒரு செதில்பூச்சி நாசமாக்கியபோது, 1888-89ல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சிறு பொறிவண்டுதான் அதை அடக்கியது. உயிரியல் முறைப் பூச்சிக் கட்டுப்பாட்டுக்கு இன்றுவரை முதலில் சொல்லப்படும் உதாரணம் அது.

கடித்துத் தின்னும் புழுக்களுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். கையால் எடுக்கலாம். எலுமிச்சை, கறிவேப்பிலை இலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது உண்மையில் புழு. வளர்ந்தால் பச்சையாகி, பிறகு அழகான வண்ணத்துப்பூச்சியாகும். மரம் பெரிது என்றால் நான் விட்டுவிடுவேன், கன்று என்றால் வேறு மரத்துக்கு மாற்றுவேன். கைக்கு அடங்காத அளவில் புழு இருந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி இனப் புழுக்களை மட்டும் கொல்லும். புழு சின்னதாக இருக்கும்போது, மாலையில் அடிக்க வேண்டும். வெயிலில் அதன் வீரியம் போய்விடும். இலையில் வெள்ளைக் கோலம் போட்டது போல வளைந்து போகும் பாதை தெரிந்தால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. பாதையின் அகலமான முனையை விரலால் நசுக்குங்கள்.

படி 5: பூசணமா, பாக்டீரியாவா, வைரஸா?

இலைமேல் மாவு தூவியது போல வெள்ளை, விரலால் தேய்த்தால் ஒட்டினால் சாம்பல் நோய். இதன் குணம் விசித்திரமானது. மற்றப் பூசணங்களுக்கு ஈர இலை வேண்டும், இதற்கு வேண்டாம். காற்றில் ஈரம், இலையில் வறட்சி, நெருக்கமான தழை, நிழல் என்றால் போதும். நெருக்கத்தைக் கவாத்து செய்து காற்றும் வெயிலும் உள்ளே போக விட்டு, ஆரம்பத்திலேயே நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் அடித்தால் நிற்கும். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் இலையைச் சுட்டுவிடும். எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கூடாது. பால் ஒன்றுக்குத் தண்ணீர் ஒன்பது என்று கலந்து வாரம் ஒருமுறை தெளிப்பது வெறும் பாட்டி வைத்தியமல்ல. பிரேசிலில் சீமைச்சுரைக்காய்ச் செடிகளில் ஆய்வு செய்து 1999ல் வெளியிட்டிருக்கிறார்கள், நல்ல பலன் கண்டிருக்கிறார்கள்.

வட்டமான பழுப்பு, கறுப்புப் புள்ளிகள், சுற்றி மஞ்சள் வளையம் என்றால் இலைப்புள்ளி. இவற்றுக்கு இலையில் பல மணி நேரம் ஈரம் நிற்க வேண்டும். ராத்திரியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை நிறுத்திக் காலையில் வேரில் ஊற்றினாலே பாதி குறையும். விழுந்த இலைகளைக் கூட்டி அள்ளிவிடுங்கள். அடுத்த மழைக்கு வித்துகள் அதிலிருந்துதான் தெறிக்கும். புள்ளி விழுந்த இலையை எந்த மருந்தும் குணமாக்காது. தாமிர மருந்துகள், உதாரணமாகக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம், மிச்ச இலைகளைக் காக்கும், அவ்வளவுதான்.

தக்காளி, கத்தரி, மிளகாய்ச் செடி பச்சையாக இருக்கும்போதே இரண்டு நாளில் துவண்டு சாய்ந்ததா? அடித்தண்டை ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டு முனை மட்டும் படும்படி, ஆட்டாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போன்ற வெள்ளை இழை புகை மாதிரிக் கீழே இறங்கினால் பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது. வேரோடும் மண்ணோடும் எடுத்து அப்புறப்படுத்தி, அந்த இடத்தில் மூன்று நான்கு வருடம் அதே குடும்பத்துச் செடியை நடாதீர்கள். இழை இறங்காமல், தண்டின் உள்வளையம் மட்டும் பழுப்பாக இருந்தால் பூசண வாடல். அதற்கும் ஏறக்குறைய இதே முடிவுதான்.

மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்த தேமல், சிறுத்து நெளிந்த இலை, வளர்ச்சி நின்றுபோவது எல்லாம் வைரஸின் அடையாளம். இதற்கும் வைத்தியம் இல்லை. செடியைப் பிடுங்கி, பரப்பும் வெள்ளை ஈயையும் அசுவினியையும் கட்டுப்படுத்த வேண்டும். பிடுங்குமுன் ஒன்று யோசியுங்கள். பக்கத்தில் யாராவது புல்லுக்கு 2,4-டி போன்ற களைக்கொல்லி அடித்தார்களா? அதன் ஆவி பட்டாலும் தக்காளிக் கொழுந்து பாம்பு போல முறுக்கிக்கொள்ளும். அடுத்து வரும் துளிர்கள் நேராக வந்தால் வைரஸ் இல்லை.

படி 6: மரத்தின் பட்டையைப் படியுங்கள்

கிளை காய்ந்துவிட்டதா உயிர் இருக்கிறதா என்று நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். அடியில் பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர். பழுப்பாக, உலர்ந்திருந்தால் நுனியிலிருந்து கீழ்நோக்கி அங்கங்கே சுரண்டி, பச்சை தொடங்கும் இடத்துக்கு ஒரு சாண் கீழே வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்கவும்.

வெட்டும் இடம் முக்கியம். கிளை தாய்மரத்தைச் சேரும் இடத்தில் கழுத்துப்பட்டை போல ஒரு புடைப்பு இருக்கும். அதைக் காயப்படுத்தாமல், அதற்கு வெளியே ஒட்டி வெட்ட வேண்டும். தண்டோடு வழித்தும் வெட்டக் கூடாது, முளைக்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டும் விடக் கூடாது. கனமான கிளை என்றால் மூன்று வெட்டு: ஓரடி தள்ளி அடியிலிருந்து கால்பங்கு ஒன்று, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுதாக ஒன்று, பாரம் விழுந்த பிறகு கழுத்தை ஒட்டிக் கடைசி வெட்டு. இல்லாவிட்டால் விழும் கிளை பட்டையை அடிவரை கிழித்துக்கொண்டு போகும்.

வெட்டிய இடத்தில் தாரோ பெயிண்டோ பூச வேண்டும் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை ரம்பத்தால் பிளந்து பார்த்து, 1970களில் வேறு விதமாக விளக்கினார். நம் தோலைப் போல மரம் காயத்தை ஆற்றுவதில்லை. அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, மேலே புதுக் கட்டையை வளர்க்கிறது. பூச்சு உள்ளே ஈரத்தை அடைத்து, அழுகலுக்கு வசதி செய்து தருவதுதான் மிச்சம். சில குறிப்பிட்ட நோய்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. மற்றபடி சுத்தமான வெட்டே போதும்.

அடிமரத்தில் பிசின் வடிந்தால் முதலில் ஈரத்தைச் சந்தேகியுங்கள்: தண்டைத் தொடும் தண்ணீர், குவிந்த மூடாக்கு. ஈரத்தை விலக்கி, அழுகிய பட்டையை நல்ல பட்டை தெரியும் வரை செதுக்கித் தாமிரப் பசை தடவலாம். அப்படிப்பட்ட விதிவிலக்கு இது. பிசினோடு துளையும் மரத்தூள் போன்ற எச்சமும் இருந்தால் தண்டுத்துளைப்பான். தூள் புதிதாக, ஈரமாக இருந்தால் புழு உள்ளேதான் இருக்கிறது. வளையும் கம்பியைத் துளைக்குள் விட்டுக் குத்தி எடுத்து, துளையைக் களிமண்ணால் அடைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் புதுத்தூள் வருகிறதா என்று பாருங்கள்.

தண்டிலோ அடிவேரிலோ தட்டு போன்ற காளான் முளைத்திருந்தால் உள்ளே கட்டை இற்றுப்போய்க்கொண்டிருக்கிறது. வெளியே தழை செழித்திருக்கலாம். அதை நம்ப வேண்டாம். வீட்டுப் பக்கமோ நடைபாதைப் பக்கமோ சாயும் மரம் என்றால் இது நம் கைவேலை இல்லை, இந்த வேலை தெரிந்தவரைக் கூப்பிட வேண்டிய நேரம். ஏணியில் ஏறி வெட்ட வேண்டிய எதற்கும் இதே பதில்தான்.

படி 7: மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால்

ஒரே ஒரு கிளையில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மீதிக்குப் போங்கள். வாடிய செடியில் எதையும் தெளிக்காதீர்கள். தண்ணீர் குடித்து நிமிரட்டும். நேரம் மாலை, தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிய பிறகு. பூத்திருக்கும் செடியானால் இன்னும் கவனம். இமிடாகுளோப்ரிட் போன்ற, செடி முழுக்க ஊடுருவும் மருந்து மகரந்தத்திலும் தேனிலும் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2018ல் இதைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்ததே தேனீக்களுக்காகத்தான். வீட்டுத் தோட்டத்துக்கு அது தேவையே இல்லை என்பது என் கட்சி. பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவைக் கூட்டாதீர்கள். மருந்து அடித்தபின் எத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது என்பதும் அதே பொட்டலத்தில்தான் இருக்கும். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே நேரத்தில் உரம், எண்ணெய், பூசணமருந்து மூன்றையும் போட்டால் தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது, செத்தாலும் எதனால் செத்தது என்று தெரியாது. ஒன்று மாற்றுங்கள், பொறுங்கள்.

எவ்வளவு நாள் பொறுப்பது? செடிகளுக்கு இரண்டு மூன்று வாரம். மரங்களுக்கு ஒரு பருவம், சில சமயம் இரண்டு. பழைய இலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கருகிய இடம் பச்சையாகாது, சுருண்டது நிமிராது. புதிதாக வரும் கொழுந்து சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

எலுமிச்சையை நான் பிடுங்கவில்லை. பாத்தியை உடைத்து, தண்டைச் சுற்றியிருந்த மண்ணை விலக்கி, வடிகால் வெட்டினேன். உரமும் மருந்தும் போடவில்லை. ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இருந்த மஞ்சள் இலையும் கொட்டியது. ஏழாவது வாரம், கிழக்குப் பக்கக் கிளையில் மட்டும், அரிசி அளவில் ஒரு பச்சைத் துளிர் வந்தது. நகத்தால் சுரண்டிப் பார்க்கக் கை பரபரத்தது. விட்டுவிட்டேன்.